கனகாம்பரத்தில் ஒரு புதிய வகை

பூக்கடையில் மணத்துக்கு ஒரு விலை உண்டு. மல்லிகையும் பிச்சியும் மருக்கொழுந்தும் அந்த விலையைப் பெறுகின்றன. மணமே இல்லாத ஒரு பூ அவற்றோடு சரியாசனம் பெற்று, பண்டிகை நாட்களில் சில சமயம் அவற்றையும் விஞ்சி விற்குமானால், அதன் பெருமை நிறத்தில்தான் இருக்க வேண்டும். கனகாம்பரம் அத்தகைய பூ. பெங்களூரு கிருஷ்ணராஜ மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடைகளைத் திறக்கும்போது, ஈரத்துணிக்கு அடியிலிருந்து அந்தச் செம்மஞ்சள் நிறம் வெளிப்படுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் இந்தப் பெயர் ஏறக்குறைய ஒன்றேயாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோருக்கு இது அரிய ஆறுதல். இவ்வூரில் எந்த மொழி பேசும் பூக்காரரிடமும் பெயரைச் சொல்லிப் பூவை வாங்கலாம். தமிழர் முழம் என்று கேட்க, கன்னடத்தார் மொள என்று அளந்து கொடுப்பார்கள். முழங்கையின் நீளத்தில்தான் இரு மொழியினருக்கும் வழக்கு வரும்!

இச்செடிக்குத் தாவர நூலார் வைத்த பெயர் குரொசாண்டிரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ் என்பது. முற்பகுதி கிரேக்க மொழியிலிருந்து வந்தது. குஞ்சம் கட்டிய மகரந்தப்பையை உடையது என்பது பொருள். பிற்பகுதி லத்தீன், புனல் வடிவுடையது என்று பொருள்படும். ஆடாதோடை, நீர்முள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இது தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்டது. ஒரு முறை நட்டால் பல்லாண்டு நிற்கும். நிலத்திலும் வளரும், சட்டியிலும் வளரும். அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும். கடுங்குளிர் மட்டும் ஆகாது. மார்கழி, தை மாதங்களில் பெங்களூருவின் இரவுக் குளிரில் இதன் பூப்பு மந்தமாவதை வீட்டுத் தோட்டக்காரர் அனைவரும் அறிவர்.

நகருக்கு வடமேற்கே உள்ளது ஹெசரகட்டா. அங்கே அர்க்காவதி ஆற்றில் 1894-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம், அக்காலப் பெங்களூருக்குக் குடிநீர் தந்தது. அதே ஊரில் 1967-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நிலையம் வெளியிடும் வகைகளின் பெயர்கள் 'அர்க்கா' என்று தொடங்குவது வழக்கம். ஆற்றின் பெயர் பயிரின் பெயராயிற்று. கனகாம்பரத்தில் அர்க்கா அம்பரா, அர்க்கா கனகா, அர்க்கா ஸ்ரீயா, அர்க்கா சிராவியா, அர்க்கா சென்னா என்பன அங்கிருந்து வந்தவை. முதல் இரண்டு பெயர்களைச் சேர்த்துப் படித்தால், ஒரே சொல்லைப் பங்கிட்டு இரு பிள்ளைகளுக்கும் சூட்டியிருப்பது தெரியவரும்.

ஏற்கெனவே ஊரெங்கும் பூக்கிற செடிக்குப் புதிய வகை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை காண, தோட்டங்களில் பேர் பெற்ற ஒரு பழைய வகையைப் பார்க்க வேண்டும்.

'டெல்லிக் கனகாம்பரம்' என்று உழவர்கள் வழங்கும் அந்த வகையின் பூ ஆழ்ந்த செம்மஞ்சள் நிறமுடையது, கண்ணைக் கவர்வது, விளைச்சலும் மிகுதி. ஆனால் அது விதை கட்டுவதில்லை. காரணம் அதன் உயிரணுவில் இருக்கிறது. பொதுவாகச் செடிகளின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும்; ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது இவை இணை இணையாகச் சேர்ந்து, பிறகு சரிபாதியாகப் பிரிகின்றன. டெல்லி வகையிலோ மூன்று தொகுதிகள் உள்ளன. மூன்று பேரை இரண்டு இரண்டு பேராக நிறுத்த முடியுமா? பிரிவினை தாறுமாறாகி, விதை உருவாகாமல் போகிறது. நாம் உண்ணும் வாழைப்பழங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை இல்லாததும் இக்காரணம் பற்றியே. வாழையைக் கன்று வைத்துப் பெருக்குகிறோம். டெல்லிக் கனகாம்பரத்தைத் தண்டு வெட்டி வைத்துப் பெருக்குகிறோம்.

விதைக்குச் செலவிட வேண்டிய வலிமை அச்செடிக்கு மிச்சமாகிறது; பூவிலும் வளர்ச்சியிலும் அது தெரிகிறது. ஆயினும் ஆயிரம் ஏக்கரில் நட்டாலும் அது உண்மையில் ஒரே செடிதான். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். தப்பிப் பிழைப்பதற்கு வேறுபட்ட ஒரு செடி அந்தக் கூட்டத்தில் இல்லை.

நோயும் வந்தது. மண்ணுக்குள் வாழும் நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத அளவுடையது, வேரைத் துளைத்துப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் வழியே வாடல் நோய்க் காளான் நுழைகிறது. இலை சிவந்து மஞ்சளாகிச் செடி குன்றுகிறது, பூ சிறுக்கிறது, வயலில் முதலில் அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு, பின்னர் நடுவயலே வெறுமையாகிறது. திண்டுக்கல், நிலக்கோட்டைப் பகுதிகளில் இதை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பூ பறிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில் செய்யும் வேலை. பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். செடி செத்தால் அவர்களுக்கு அந்த மாதமே கூலி நின்றுவிடும். வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், இடையே செண்டுமல்லியைப் பயிராக்குவதும் நூற்புழுவைக் குறைக்கும். ஆனால் நோயுற்ற நாற்றங்காலின் மண் வேரோடு ஒட்டி வந்தால், புதிய வயலுக்கும் புழு குடியேறிவிடும். ஆகவே உழவர் வேண்டுவது மருந்து மட்டுமன்று, நோயைத் தாங்கும் செடி. அந்தத் தாங்கும் தன்மையை விதை கட்டாத ஒரு வகையில் எங்ஙனம் புகுத்துவது?

இங்கேதான் செடி வளர்ப்போரின் கைத்திறன் தேவைப்படுகிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, விதை கட்டும் வேறு வகைகளை ஒன்றோடொன்று கலந்து, பிறக்கும் பிள்ளைகளுள் நல்லதைப் பொறுக்குவது. இதுவே மிகப் பழைய வழி. பெரும்பாலும் இதுவே பயன் தருகிறது. மற்றொன்று, காமாக் கதிர்களைத் தண்டின்மீதோ விதையின்மீதோ பாய்ச்சித் திடீர் மாற்றங்களைத் தோற்றுவிப்பது. சாமந்தி, ரோஜா, போகன்வில்லா ஆகியவற்றில் நம் நாட்டார் இம்முறையைக் கையாண்டு பல புதிய நிறங்களைப் பெற்றிருக்கின்றனர். ஆனால் கதிர் கண்மூடித்தனமாக அடிப்பது. நூறு செடி கெட்டு ஒன்று தேறினால் அது பெரும்பேறு.

மூன்றாவது வழி நமக்குத் தனிச் சுவை தருவது. கால்சிசின் என்ற நச்சுப்பொருள், உயிரணு பிரியும் நேரத்தில் அதன் இழைகளைத் தடுத்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிவிடும். இது 1937-இல் உலகுக்குத் தெரியவந்தது. அந்தக் கால்சிசின் நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய அச்செடியை இன்றும் மருந்துக்காகப் பயிரிடுகிறார்கள். லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில், விதை கட்டாத 'மிஸஸ் மக்லீன்' என்னும் போகன்வில்லாவின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். மலடு நீங்கி அது கலப்புக்கு உதவிற்று. அதன் வழியில் 'சித்ரா' என்ற பல வண்ண வகை பிறந்தது. மலட்டுத் தன்மை என்பது எப்போதும் முடிந்த முடிவன்று என்பதற்கு இது நல்ல சான்று.

கலப்பு எளிது, பொறுக்குதல்தான் கடினம். இதை எம் சொந்த அபிப்பிராயமாகவே சொல்லுகிறோம். கலப்பைச் செய்துவிடச் சில நிமிடங்கள் போதும். பிறந்த நூறு நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் குப்பையில் போடுவது என்று தீர்மானிக்கச் சில ஆண்டுகள் ஆகும். முதல் பருவத்தில் அழகாகப் பூத்தது அடுத்த கோடையில் சோர்ந்துவிடலாம். ஒரு மண்ணில் செழித்தது வேறு மண்ணில் வாடலாம். நூற்புழு நிறைந்த மண்ணில் வேண்டுமென்றே நட்டுப் பார்க்க வேண்டும். பிழைத்தவற்றிலும் பூ நன்றாக இருப்பவை சிலவே இருக்கும்.

எந்தப் பூ நல்ல பூ என்பதிலும் இருவேறு கட்சி உண்டு. தொட்டியில் வைத்து அழகு பார்ப்பவர் குட்டையான செடியை விரும்புவார். இலை பளபளப்பாக இருக்க வேண்டும். பூ செடியிலேயே நெடுநாள் நிற்க வேண்டும். சுவீடன் நாட்டில் தோன்றிய 'மோனா வால்ஹெட்' என்ற குட்டை வகை, குளிர் நாடுகளின் சன்னலோரங்களில் இவ்வாறே இடம்பெற்றது. அங்கே அதைப் பறிப்பவர் இல்லை. தலையில் சூடுவோரும் இல்லை. நம் ஊரில் பூத் தொடுப்பவரின் கணக்கு வேறு. மலரின் அடிக்குழல் மெலிந்து நீண்டு, நாருக்குள் முடிச்சிட இடம் தர வேண்டும். கையில் கசங்கக் கூடாது. பறித்த மறுநாளும் நிறம் மங்கக் கூடாது. கதிர் நீண்டு, அதில் பூக்கள் கீழிருந்து மேலாகப் பல நாட்கள் தொடர்ந்து மலர வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் ஒரே செடியில் அமைவது அரிது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க்காட்சிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் தொட்டிச் செடிக்கே சந்தை பெருகும் என்று தோன்றும். ஆனாலும் தொடுப்பவரின் விரலை மறந்துவிட்டுக் கனகாம்பரத்தை வளர்த்தால், அது வேறொரு செடியாகிவிடும் என்றே கருதுகிறோம். புது வகையைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் பூத் தொடுக்கும் ஓர் அம்மையாரும் உட்கார்ந்திருப்பது நல்லது.

புதிய வகை தேறிவிட்டால் அது யாருடையது? 2001-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, பயிர் வகைப் பாதுகாப்பையும் உழவர் உரிமையையும் பற்றிய சட்டம் இதற்கு விடை கூறுகிறது. புதியதென்று பதிவு பெற வேண்டுமானால், விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே அவ்வகை இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கக் கூடாது. மேலும் மூன்று தகுதிகள் வேண்டும். அம்மூன்றையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒருவர் அரைநாள் யோசிக்கலாம். பிறவற்றினின்று பிரித்தறியத் தக்க வேறுபாடு, செடிக்குச் செடி மாறாத சீர்மை, தலைமுறைக்குத் தலைமுறை மாறாத நிலைப்பு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆராய்ச்சி நிலையம் மட்டுமன்றி, தாமே ஒரு வகையை உண்டாக்கிய உழவரும் பதிவு செய்துகொள்ளலாம். தம் வயலில் விளைந்த விதையைச் சேமித்து விதைக்கவும், அண்டை வயலாரோடு மாற்றிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை இச்சட்டம் காக்கிறது. இந்த ஏற்பாடு இருப்பதைப் பல உழவர் அறியார்; வானொலியில் இதைச் சொல்லுவதற்கு அதுவே போதிய காரணம்.

கனகாம்பரத்தைச் சட்டியில் வைத்திருக்கும் நேயர்களும் இதில் கை வைத்துப் பார்க்கலாம். விதை கட்டும் வகைகள் இரண்டு வேண்டும். ஒன்று செம்மஞ்சள், ஒன்று மஞ்சள் என்று கொள்வோம். தாயாகப் போகும் செடியில், மறுநாள் மலரவிருக்கும் அரும்பை மாலையில் தேர்ந்து, அதன் அல்லிக் குழலை மெல்ல உருவிவிட வேண்டும். கேசரங்கள் குழலோடு ஒட்டியிருப்பதால் அவையும் உடன் வந்துவிடும். நூல் போன்ற சூல்தண்டு மட்டும் நிற்கும். எறும்பும் வண்டும் அணுகாமல் ஒரு மெல்லிய துணிப்பையால் அதை மூட வேண்டும். காலையில் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தூரிகை நுனியில் எடுத்துச் சூல்முடியில் தடவி, மறுபடி மூட வேண்டும். எந்தச் செடி தாய், எது தந்தை, என்ன தேதி என்று எழுதிய சீட்டு ஒன்றைக் கதிரில் கட்டாவிட்டால் இத்தனை பாடும் வீண்.

காய் முற்றிப் பழுப்பு நிறமாகும்போது எச்சரிக்கை தேவை. இதன் காய் ஈரம் பட்டதும் படீரென்று வெடித்து விதைகளைத் தொலைவில் எறிந்துவிடும். பிள்ளைகள் காயை எச்சிலில் நனைத்து வெடிக்கவிட்டு விளையாடுவதும் உண்டு. ஆதலால் பனி விழும் முன்னரே, முந்தின நாள் வெயிலில், துணிப்பையோடு காயைக் கொய்துகொள்ள வேண்டும். பிறகு வீட்டுக்குள் ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்துச் சில துளி நீர் தெளித்தால் அது தானே வெடித்து விதையைத் தந்துவிடும். ஒரு காயில் நான்கு விதைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஏமாந்து கைவிட்டுவிடக் கூடாது. அவற்றைத் தம்முள் சேரவிட்டு, அடுத்த தலைமுறை விதையை விதைத்தால்தான் பாட்டன் பாட்டியின் குணங்கள் பிரிந்து கலந்து வெளிப்படும். அப்போது ஐம்பது சட்டிகளாவது வேண்டியிருக்கும். மாடியில் இடம் இருப்பவர்கள் ஆடி மாதத்தில் தொடங்கலாம்.