கேட்கும் செவியே தலைமைக்கு அழகு

(மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று பங்கு மண்டபத்தில் நமது பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் வரும் இந்தத் திருநாளில், வேலை செய்யும் இடத்தில் எவ்வாறு தலைமை தாங்குவது என்பதைப்பற்றி நான் பேசவேண்டும் என்று பங்குப் பேரவையினர் கேட்டுக்கொண்டார்கள். உங்களில் சிலர் அலுவலகத்தில் அதிகாரிகள். சிலர் கடை நடத்துகிறீர்கள். சிலர் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவை வைத்திருப்பவரும் ஒரு வகையில் முதலாளிதான். ஆகவே இது யாரோ பெரிய மனிதருக்குச் சொல்லும் புத்திமதி அல்ல. எனக்கும் உங்களுக்குமே சொல்லிக்கொள்வது.

நமது மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருக்கிறீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அந்தச் சிலை 1959-ல் அங்கே நிறுவப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரும் பாறையை நகர்த்துகிறார்கள். நால்வரில் யார் தலைவன் என்று நம்மால் சொல்ல முடியாது. நால்வரின் பலமும் ஒரே பக்கம் சேருகிறது என்பதுமட்டும் தெரிகிறது. அப்படிச் சேரச் செய்வதுதான் தலைவனுடைய வேலை. ஆனால் அது எப்போது முடியாமல் போகிறது? இதற்கு நமது நகரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட ஆலைகள். தொழிலாளருக்கென்று பள்ளிக்கூடமும் நடத்திய ஆலைகள். ஆயினும் முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு மனக்கசப்பு வளர்ந்தது. முதலில் எழுந்த குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதுதான். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. இதை ஆலைக்குள் சொன்னால் கேட்பார் இல்லை. அதனால் வெளியே, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்களிடம் போய்ச் சொன்னார்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் துணைக்கு வந்தார்கள். 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

சங்கம் அமைத்தது நல்ல காரியம். தொழிலாளர் சங்கம் கூடுவது அவர்களுடைய உரிமை என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே தமது சுற்றுமடலில் போதித்திருக்கிறார். அந்த மடலை மனதில் வைத்தே 2025-ல் புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். ஆனால் பெரம்பூரில் கசப்பு தீரவில்லை. 1921-ல் பல மாதங்கள் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளரே சாதியால் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலி, சாதி, அரசியல் என்று அதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு நேரமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது இதுதான்: பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர்கள், "சாப்பிட நேரம் போதுமா?" என்று ஏன் கேட்கவில்லை? கொடுப்பது வேறு, கேட்பது வேறு. கொடுக்கும்போது நாம் மேலே நிற்கிறோம். கேட்பதற்கு இறங்கி வரவேண்டும்.

இது பழைய கதை என்று எண்ணாதீர்கள். பண்டிகைக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்குப் போகாதவர் நம்மில் யார்? காலை முதல் இரவுவரை கால் கடுக்க நின்று நமக்குச் சேலை விரித்துக் காட்டும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. ஒரு முக்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது! கேட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும் குறை அல்லவா?

பிறரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நான் இளம் குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, கிறிஸ்துமஸ் அலங்கார வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். விளக்குகளை இன்னும் அதிகம் போடச் சொன்னேன். மின்வேலை செய்த பையன் தயங்கித் தயங்கி, "சாமி, இந்த ஒயர் தாங்காது" என்றான். "சொன்னதைச் செய்" என்றேன். நள்ளிரவுப் பூசையில் உன்னத கீதம் தொடங்கிய நேரத்தில் கோயில் முழுவதும் இருண்டுவிட்டது. பூசை முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பையனைத் திட்டினேன். பிறகு வயதான கோயில்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அது எங்க எல்லாருக்கும் தெரியும் சாமி. சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் யாரும் சொல்லலை." அந்தப் பையன் அதன்பின் கோயில் வேலைக்கு வரவேயில்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்காமலே மாற்றலாகிப் போனேன். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, இளையவரிடம் முதலில் கேளுங்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், முக்கியமான காரியம் வந்தால் மடாதிபதி எல்லாரையும் கூட்டிக் கேட்கவேண்டும், இளையவர் வாயிலாகவும் ஆண்டவர் நல்வழி காட்டுவார் என்று விதித்தார். முடிவு செய்வது மடாதிபதியே. ஆனால் கேட்ட பிறகுதான் முடிவு. நம் கூட்டங்களில் பெரியவர் முதலில் அபிப்பிராயம் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குத் தலையாட்டுவது ஒன்றே மிச்சம்.

இரண்டாவது, தவறைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டைப் பலர் அறியச் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மூன்றாவது, கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் கேட்டதைச் செய்ய முடியாவிட்டால், ஏன் முடியாது என்று காரணம் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி மறந்துவிடுவதைவிட, "முடியாது" என்ற நேர்மையான பதில் மரியாதையானது.

நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில் மகனாக வேலை கற்றவர், பின்னர் குருவாயிருந்து சீடர்களின் கால்களைக் கழுவினார். காலைக் கழுவக் குனிகிறவனுக்குத்தான் அந்தக் காலில் உள்ள புண் தெரியும்.

நாளைக் காலை உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ வீட்டிலோ, மிகக் கடைசி நிலையில் இருப்பவரிடம், "இங்கே உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அது மிகக் கடினம், எனக்கும் கடினம். ஜூபிலி வேலைகளில் இரவு பகலாக உழைக்கும் நமது இளைஞர்களையும் அன்னையர் சங்கத்தினரையும் நான் கேட்டுக்கொள்வதும் இதுவே. என் காரியத்தில் எது தவறு என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதை விளக்கு அணைவதற்கு முன்பே வந்து சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புனித சூசையப்பர் நம் எல்லாருடைய உழைப்பையும் காப்பாராக.