மணப்படமும் காண்போர் மனமும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலியாணப் படத்தைப்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளரவர்கள் என்னைப் பணித்தார்கள். தமிழ் கற்பிப்பவனுக்கும் படப்பெட்டிக்கும் யாது தொடர்பு என்று உங்களுள் சிலர் நகைத்திருக்கலாம். தொடர்பு உண்டு. உள்ளத்தே எழும் உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். அதற்கெனத் தனியே ஓர் இயலை வகுத்து வைத்தார் தொல்காப்பியர். மணநாளில் எடுக்கப்படும் படமோ, பிறருடைய மெய்ப்பாட்டைப் பிடித்துத் தருவது. காண்பவரிடத்தே வேறொரு மெய்ப்பாட்டை எழுப்புவது. ஆகலின் இது தமிழாசிரியனுக்குப் புறம்பான பொருளன்று. அன்றியும், நம் குடும்பங்களில் கலியாணச் செலவினுள் படத்துக்கும் ஆல்பத்துக்கும் ஆகும் பங்கு வளர்ந்துகொண்டே வருகிறது. அதனால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என ஆராய்தல் நம் கடமையுமாம்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஒளியைக்கொண்டு உருவத்தைத் தகட்டிற் பதிக்கும் தாகேரின் முறை, 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உலகறிய வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார்க்குத் திருமணம் நடந்தது. அம்மணத்தை ஓவியர் தீட்டினரேயன்றி நிழற்படமாக எடுத்தார் எவருமிலர். பின்னர், 1858 ஜனவரி 25-ஆம் நாள் அவ்வரசியாரின் மூத்த மகளார்க்கு மணம். வழிபாட்டிடத்துக்குப் புறப்படுமுன் தாய், தந்தை, மகள் மூவரையும் ஒருங்கு வைத்து வில்லியம்ஸ் என்னும் கலைஞர் தகட்டுப்படம் ஒன்றெடுத்தார். மற்றை இருவரும் தெளிவாக விழ, அரசியாரின் உருவம் மட்டும் கலங்கி விழுந்தது. தாம் நடுங்கியமையால் தம் சாயல் தெளிவின்றிப் போயிற்று என்று அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அன்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தொழிலறிந்தார் நோக்கில் அது பழுதுற்ற படம். ஆயினும், ஒரு பேரரசின் தலைவி மகளைப் பிரியும் நாளில் எல்லாத் தாயரையும் போலவே நடுங்கி நின்றார் என்பதை நமக்கு உரைப்பது அப்பழுதேயன்றோ? தெளிந்த முகங்கள் அவர் இன்னார் என்று காட்டின. கலங்கிய முகமோ அவர் உள்ளத்தைக் காட்டிற்று. படம் வேறு, படக்கலை வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் 1850-களிலேயே நிழற்படக் கழகம் ஒன்று தோன்றியது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரையிலும் தஞ்சையிலும் கோயில்களைப் படமெடுத்தார். நாளடைவில் ஸ்டூடியோக்கள் பல ஊர்களிலும் தோன்றின. அக்காலத்து மணப்படம் எப்படியிருக்கும் என்பதை உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரே சொல்லும். பின்னே மாளிகைத் தூண் தீட்டிய திரை. பக்கத்தே பூச்சாடி வைத்த முக்காலி. நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்த மணமகன். அருகே நேர்நோக்கி நிற்கும் மணமகள். இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ‘ஐயோ, பயந்து போயிருக்கிறார்களே’ என்று இக்காலப் பிள்ளைகள் நகைக்கின்றனர்.

நகைத்தல் தகாது. முதற்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நொடிகள் அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. சிரித்த முகத்தை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தல் அரிது. 1870-களின் இறுதியில் உலர்தகடு கடைக்கு வந்தபின் அத்தடை நீங்கிற்று. ஆயினும் பழைய நிலையே நெடுங்காலம் நீடித்தது. ஏனெனின், வாழ்நாளில் ஓரிருமுறையே படமெடுத்துக்கொள்பவர் பேரன் பேத்தியர் முன் நிற்பவராகத் தம்மைக் கருதினர். அம்முகத்தில் உள்ளது அச்சமன்று, பெருமிதம். அதனை உணராது நகைப்பவன் படத்தைக் கண்டானேயன்றிப் படித்தானில்லை.

பின்னர்க் கருவி சிறியதாயிற்று. 1925-இல் லைக்கா என்னும் கைக்கடங்கிய பெட்டி விற்பனைக்கு வந்தது. அதனைக் கையிற்கொண்டு, நிகழ்ச்சியின் உயிர்நிலை வெளிப்படும் ஒரு கணத்துக்காகக் காத்திருந்து பிடிக்கும் கலையை வளர்த்தவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன். 1950-இல் இரமண முனிவரின் இறுதி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்தவரும் இவரே. இன்று நம் கலியாணங்களில் ‘கேண்டிட்’ என்று வழங்கும் முறை இம்மரபின் வழிவந்ததேயாம். நில், பார், சிரி என்று ஏவாமல், நிகழ்வது நிகழ்ந்தபடியே எடுத்தல் அதன் இலக்கணம்.

இம்முறை நம்மவர்க்குப் புதியதோ? அன்று. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணவிழாவைக் காட்டுகிறார். உழுந்திட்ட சோற்றுத் திரள், மணல் பரப்பிய பந்தர், ஏற்றிய விளக்கு, திங்கள் உரோகிணியைச் சேர்ந்த விடியல், தலைமேற் குடஞ்சுமந்த முதுபெண்டிரின் ஆரவாரம், மகப்பெற்ற மகளிர் நால்வர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து வாழ்த்துதல் ஆகிய இவையெல்லாம் விரைந்து வந்து செல்கின்றன. பின்னர்ப் புலவர் தம் நோக்கை ஒரிடத்தே நிறுத்துகிறார்: புதுப்புடைவைக்குள் உடல் ஒடுங்கிக் குனிந்திருக்கும் மணமகளிடத்தே! வந்தோர் எத்தனை பேர், சீர் எவ்வளவு என்று அவர் எண்ணவில்லை. விழாவைச் சில கோடுகளால் வரைந்து, உள்ளத்தை முழுமையாக வரைந்தார். ஆகவே, எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்னும் தேர்ச்சியே கலை என்பது பெறப்படும்.

இங்கு ஒரு வழக்கு எழுகின்றது. இளைஞர் கலைப்படம் வேண்டுகின்றனர். மாலைவெளிச்சத்தில் இருண்ட வடிவமாக நிற்கும் இருவர். மருதாணிக் கை மட்டும். திரைக்குப் பின் பாதி தெரியும் கண் என ஆல்பம் நிறைகிறது. பெரியவர் புரட்டிப் பார்த்து, ‘முகமே தெரியவில்லையே! பெரியப்பா எங்கே? சம்பந்தி எங்கே?’ என்று வினவுகின்றார். இளைஞர் பெரியவரைக் கலையறியாதவர் என்கின்றனர். பெரியவர் இளைஞரைக் காசின் அருமை அறியாதவர் என்கின்றார். யார் பக்கம் நியாயம்?

இருபக்கமும் உண்டு என்பதே என் கருத்து. மணப்படத்துக்குத் தொழில் இரண்டு. ஒன்று சான்று, மற்றொன்று சுவை. இன்னார் இன்னாரோடு இன்ன நாளில் இவர்கள் முன்னிலையில் இணைந்தனர் எனக் காட்டுவது சான்றுப்படம். அதில் முகம் தெரிதல் வேண்டும். உறவினர் வரிசையாக நிற்றல் வேண்டும். அந்நாளின் உயிரைக் காட்டுவது சுவைப்படம். அதில் முகம் தெரியாமலும் இருக்கலாம். உள்ளம் தெரிதல் வேண்டும். சான்று மட்டும் உள்ள ஆல்பம் பட்டியலாய் முடியும். சுவை மட்டும் உள்ள ஆல்பம் யாருடைய மணம் என்று அறியவொண்ணாததாய் முடியும். ஆதலின் படக்காரரிடம் பேசும்போதே இரண்டையும் கேட்டுப் பெறுக. எவரெவர் குழுப்படத்தில் நிற்றல் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, உறவறிந்த ஒருவரை அவருடன் நிறுத்துக. அவர் கலைஞரேயாயினும் உங்கள் அத்தையை அறியார்.

இனிக் காண்போரைப்பற்றிச் சில சொல்வேன். ஆல்பத்தைத் திறந்தவுடன் பெரும்பாலோர் தம்மையே தேடுகின்றனர். தாம் நன்றாக விழுந்திருந்தால் படம் நன்று என்கின்றனர். சிலர் நகையையும் பட்டையும் மேடை அலங்காரத்தையும் எடைபோடுகின்றனர். மிகச் சிலரே, தாலி ஏறும் நேரத்தில் மேடையோரத்தில் துண்டின் முனையால் கண்ணைத் துடைக்கும் தந்தையைக் கண்டு தாமும் ஒரு கணம் பேசாதிருக்கின்றனர். அக்கணத்திலேதான் படம் தன் பயனை அடைகின்றது. ஒருவன் உள்ளத்து நிகழ்ந்தது காண்பவன் உள்ளத்தையும் சென்று சேர்தலே மெய்ப்பாடு எனச் செயிற்றியம் என்னும் பழைய நாடகநூல் உரைத்ததை இளம்பூரணர் எடுத்துக் காட்டுகின்றார். காட்சியிலும் கேள்வியிலும் கூர்மை வாய்ந்த உணர்வினர்க்கன்றிப் பிறர்க்கு மெய்ப்பாட்டின் நுட்பம் அளத்தற்கரிது என்பது தொல்காப்பியர் கொள்கை. எனவே, எடுப்பவனுக்கு மட்டுமன்று, காண்பவனுக்கும் பயிற்சி வேண்டும். உவகையும் அழுகையும் அச்சமும் பெருமிதமும் ஒருங்கே நிகழும் இடம் கலியாண வீட்டைப்போல் வேறில்லை.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். படம் மாறுவதில்லை, காண்போர் மாறுகின்றனர். மணம் முடிந்த மாதத்தில் ஆல்பத்தைப் பார்ப்போர் மணமக்களையே பார்க்கின்றனர். இருபதாண்டு கழித்து அதே ஏட்டைத் திறந்தால், ‘இதோ அப்பா, இதோ சித்தி’ என்று விரல் ஓரங்களுக்கு ஓடுகின்றது. அன்று மூலையில் நின்றவரே இன்று படத்தின் நடுவிடத்தைப் பெறுகின்றனர்.

அப்படியாயின், மூலையிலும் நில்லாதவர் கதி என்ன? தாய்மார்களே, பெரியோர்களே, ஈண்டுச் சிறிது கண்டிப்பாகப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். கணவனை இழந்த பெண்மணிகளை மணமேடைக்கு வாராமல் விலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. பெற்ற மகளின் மணத்திலேயே, சமையற்கட்டின் வாயிலில் நின்று எட்டிப் பார்க்கும் தாயர் உளர். மேடைக்கு வாராதவர் படத்திலும் வாரார். பின்னாளில் பேரக்குழந்தை ஆல்பத்தைப் புரட்டி, ‘பாட்டி ஏன் அம்மா கலியாணத்துக்கு வரவில்லை?’ என்று கேட்டால் யாது விடை சொல்வோம்? வந்தாள், விடியுமுன் எழுந்து அத்தனை வேலையும் செய்தாள், ஆனால் நாம் அவளை நிற்க விடவில்லை என்று சொல்வோமா? இறந்த தந்தையின் படத்துக்கு மாலையிட்டு மேடையில் வைக்கின்றோம்; அது நன்றே. உயிரோடிருக்கும் தாய்க்கு அதனருகே ஓர் இடம் தருவதில் நமக்கென்ன குறை? முதற் குழுப்படத்தில், மணமகளின் வலப்பக்கத்தில், அத்தாயை அமர்த்துக. நூறு கலைப்படங்களினும் அஃது ஒன்றே அழகிய படமாகும்.

அடுத்து, நிறம். முற்காலத்தில் தகட்டின்மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து முகத்தின் வடுவை மறைத்தனர். இன்று கணினியால் மாநிறத்தையும் கருநிறத்தையும் வெளுக்கச் செய்கின்றனர். பெற்றவள் தந்த நிறத்தை மறைத்துக் காட்டும் படத்தைப் பார்த்து, மணமகள் தன்னைப்பற்றி என்ன எண்ணுவாள்? ‘நீ இருக்கும்படி இருத்தல் போதாது’ என்பதன்றோ அப்படம் அவளுக்குச் சொல்லும் செய்தி? ‘நிறத்தை மாற்றவேண்டா’ என்று படக்காரரிடம் முன்னரே சொல்லிவிடுக.

மேடையைப்பற்றியும் ஒருசொல். படமெடுப்போர் மணமக்களைச் சூழ்ந்து நிற்ப, வாழ்த்த வந்த பெரியோர் அவர்தம் முதுகைக் கண்டு அட்சதை எறியும் நிலை பெருகி வருகின்றது. படத்துக்காக மாலையை மீண்டும் மாற்றச் சொல்வாருமுளர். மணத்துக்குப் படமேயன்றிப் படத்துக்கு மணமில்லை. செலவு வகையிலும் அவ்வாறே. தலைமேற் பறக்கும் டிரோன் கருவியும், மணத்துக்கு முன்னரே வெளியூர் சென்று எடுக்கும் படங்களும் வசதியுடையார்க்கு விருப்பம். அவற்றை அயலார் செய்தமை பற்றிக் கடன் வாங்கிச் செய்தல் தகாது. பார்த்தவர் ஒரு நாள் புகழ்வர். வட்டியோ மாதந்தோறும் வரும்.

இறுதியாக, பேணுதல். வண்ணப்படத்தின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் மங்கும். நன்கு கழுவி முடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித்துகளால் ஆயது. ஈரமும் பூஞ்சையும் தாக்காவிடின் நூறாண்டைக் கடந்தும் நிற்கும். கணினிப் படமோ, வட்டு ஒன்று கெட்டால் ஒரு நொடியில் மறையும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் படியெடுத்து வைத்தனர். அயலவர் அருமை அறிந்து காப்பவற்றை நாம் பரண்மேல் எறிதல் முறையோ? ஆதலின், வீட்டிலுள்ள பழைய மணப்படங்களை எடுத்து, முதியோர் உள்ளபோதே அதிலுள்ளார் பெயரையும் ஊரையும் கேட்டு, பின்புறத்தில் மென்பென்சிலால் எழுதி வையுங்கள். படியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். நம் சங்கமும் அவற்றின் படிகளைத் தொகுத்து வைப்பதாயின், அது வருங்காலத்தார்க்கு ஒரு நல்ல செல்வமாகும் என்பதை இம்மன்றத்தின் முன் வேண்டுகோளாக வைக்கின்றேன்.

பெயர் தெரியாத முகம் ஒரு தலைமுறைக்குப் பின் வெறும் தாள். பெயரும் உறவும் தெரிந்த முகம் உங்கள் குடும்பத்தின் வரலாறு.