கையெழுத்து மட்டும் போதுமா?

(சங்கப் பொதுக்குழுவில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சங்கக் கட்டட நிதியிலிருந்து ஒரு எஞ்சினியருக்குச் சம்பளம் கொடுக்க உங்கள் அனுமதி கேட்டு நாங்கள் நிற்கிறோம். "கட்டட வேலைக்காரர் சங்கத்துக்கு எஞ்சினியர் எதற்கு? கொத்தனார் நம்மிடம் இருக்கிறார், கம்பி கட்டுகிறவர் இருக்கிறார், சென்ட்ரிங் அடிக்கிறவர் இருக்கிறார். நகரசபைக்குக் காட்ட ஒரு கையெழுத்துதானே வேண்டும்?" என்று போன கூட்டத்தில் சில தோழர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த நம்மவர்கள் இந்த நகரத்தில் எத்தனை மாடிகளை எழுப்பியிருக்கிறார்கள்! இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தோழர்களும் அதே சாரத்தில் நிற்கிறார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவனுக்குத் தன் கூடத்தைக் கட்டத் தெரியாதா என்ற ரோஷம் நமக்கும் உண்டு.

கையெழுத்துக்காக அலைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவரிடம் போனோம். பெயர் வேண்டாம். மனை எங்கே என்று அவர் கேட்கவில்லை. மண் எப்படி என்றும் கேட்கவில்லை. பழைய வரைபடம் ஒன்றை எடுத்து, "நீளம் அகலத்தை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று தொகையைச் சொன்னார். தொகை குறைவுதான். குழுவில் பாதிப் பேர் சரி என்றே சொன்னோம். மறைப்பானேன்? நாங்களும் அந்தப் பாதியில் இருந்தோம்.

மனதை மாற்றியது ஒரு கணக்கு. ரயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு வேகனின் பக்கத்தில் அதன் சொந்த எடை எவ்வளவு, ஏற்றக்கூடிய பாரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் சரக்கு ஏற்றுவதில்லை. கட்டடத்தின் சுவரில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு உண்டு. இந்திய நிர்ணய விதிப்படி, குடியிருக்கும் வீட்டின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிட வேண்டும். ஜனங்கள் கூடும் மண்டபத்தில், நாற்காலிகளைத் தரையோடு பதிக்காத இடமாக இருந்தால், அது சுமார் 500 கிலோ. இரண்டரை மடங்கு! நம் மேஸ்திரிகள் இந்த ஊரில் நூறு வீடு கட்டியிருக்கலாம். அந்த நூறு வீட்டின் கைப்பழக்கத்தில் கம்பி கட்டி, மேலே கல்யாணத்துக்கு இருநூறு பேரை ஏற்றினால் என்ன ஆகும்? மேஸ்திரியின் கைத்திறனில் குறை ஒன்றும் இல்லை. கைக்குத் தெரியாத கணக்கு அது.

இன்னொன்றும் இருக்கிறது. தூண் இல்லாத அகலமான கூடம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். பன்னிரண்டு அடி பீமை இருபத்துநாலு அடி ஆக்கினால், இரண்டு மடங்கு கம்பி போட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். அதே பாரத்துக்கு அந்தப் பீமை வளைக்கிற விசை நாலு மடங்கு ஆகிறதாம். இதை ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான் நமக்கு விளங்கிற்று.

சென்னை மௌலிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திரம், ஒடிசா என்று பிழைக்க வந்த கட்டட வேலைக்காரர்கள் அதில் பலர். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அங்கேயும் வரைபடம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. மாடியில் நின்றவன் நம்மைப்போல ஒருவன்.

"நம்மிடம் பணம் குறைவு, எஞ்சினியர் வந்தால் செலவு கூடும்" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் தம்பானூரில் நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாருங்கள். சுருள் சுருளாக ஏறும் அந்தச் செங்கல் காப்பிக் கடையில் நம்மில் காப்பி குடிக்காதவர் யார்? தொழிலாளர்களின் கூட்டுறவான இந்தியன் காப்பி ஹவுஸுக்கு லாரி பேக்கர் வடிவமைத்த கட்டடம் அது. இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, இந்த ஊரிலேயே 2007-ல் காலமானவர் அவர். உள்ளூரில் கிடைக்கும் செங்கல், பூச்சு இல்லாத சுவர், ஜன்னலுக்குப் பதில் காற்று வரும் ஓட்டைகள். செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து நடுவே பொந்து விட்டுச் சுவர் எழுப்பும் அவருடைய முறையில் செங்கல் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம்.

அவர் பரப்பிய இன்னொரு முறை, கான்கிரீட் தளத்துக்குள் பழைய ஓட்டை வைப்பது. இதை நம் கொத்தனார்கள் கவனிக்க வேண்டும். தளம் பாரத்தில் வளையும்போது மேல்பாகம் நசுங்குகிறது, அடிப்பாகம் இழுபடுகிறது. நசுக்குதலைக் கான்கிரீட் தாங்கும். இழுப்பைத் தாங்குவது கம்பிதான். ஆகவே அடிப்பாகத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் ஓட்டை வைத்தால் சிமெண்டும் மிச்சம், எடையும் குறைவு. எந்த இடத்தில் வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்குத்தான் கணக்குத் தெரிந்தவன் வேண்டும். கணக்குத் தெரியாத சிக்கனக்காரன் கம்பியில்தான் கை வைப்பான்.

அச்சுத மேனனும் பொருளாதார நிபுணர் கே. என். ராஜும் பேக்கரும் சேர்ந்து 1985-ல் உருவாக்கிய கோஸ்ட்ஃபோர்டு, இந்த நகரின் கரிமடம் காலனியில் ஏழை மக்களுக்கு அடுக்குக் குடியிருப்பு கட்டியிருக்கிறது. கொல்லத்தில் 1980களில் பிறந்த நிர்மிதி கேந்திரமும் செலவு குறைந்த கட்டடத்துக்காகவே வந்தது. ஏழைக்கு நல்ல எஞ்சினியர் கிடைக்க மாட்டார் என்பது இந்த ஊரில் செல்லாத பேச்சு. தேட வேண்டும், அவ்வளவுதான்.

தேடினோம். ரயில்வேயில் பாலங்கள் பகுதியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். வரைபடத்தை நீட்டினோம். அவர் அதைத் தொடவே இல்லை. "மனையின் மூன்று மூலையில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டுங்கள், பிறகு வருகிறேன்" என்றார். நம் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோண்டினார்கள். இரண்டு குழியில் நல்ல செம்மண்ணும் வெட்டுக்கல்லும். மூன்றாவதில் கருப்புக் களிமண், கீழே உடைந்த ஓடு, பழந்துணி, குப்பை. யாரோ எப்போதோ தூர்த்த குளம்! அந்த மூலையில்தான் படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தோம். முதலில் சொன்ன கையெழுத்தை வாங்கியிருந்தால் அங்கேதான் வானம் தோண்டியிருப்போம்.

அவர் சொன்னபடி கட்டடம் கிழக்கே பதினான்கு அடி நகர்கிறது. மேல்மாடி இப்போதைக்கு இல்லை. கூடத்துக்கு இரும்புக் கைமரம், மேலே ஓடு; பக்கத்து இரண்டு அறைக்கு மட்டும் தளம். மேலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று கேட்ட தாய்மார்களுக்கு இது ஏமாற்றம் என்று தெரியும். அந்த இரண்டு அறையில் ஒன்றைக் காப்பகத்துக்கே விடக் குழு சம்மதித்திருக்கிறது. பெரிய அறையை விட வேண்டும் என்று உங்கள் சார்பில் வந்தவர்கள் சொன்னார்கள். நமக்கும் அதுவே சரி என்று படுகிறது.

சம்பள விஷயத்துக்கு வருவோம். அவர் முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார். நாங்கள் சம்மதிக்கவில்லை. தர்மத்துக்குச் செய்கிறவரிடம், "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க முடியுமா? கூலியின் மரியாதை நமக்குத் தெரியாதா? பேசி, வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு முடிவானது. அதற்கு அவர் மூன்று முறை நேரில் வர வேண்டும்: வானம் தோண்டிய பிறகு, அஸ்திவாரக் கம்பி கட்டிய பிறகு, தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன். அவர் பார்க்காமல் கலவை கொட்டக் கூடாது என்று அவரே நிபந்தனை போட்டார். நகரசபைக்கான வரைபடத்தில், பதிவு பெற்ற வேறொரு எஞ்சினியர் இவருடைய கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். அவரும் மனைக்கு வந்து குழியைப் பார்த்துவிட்டார்.

எடவப்பாதி மழைக்கு முன் அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது, கை தூக்குங்கள். நிறைவேறினால் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதிய இடத்தில் நாலாவது குழி. கடப்பாறை, மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டு வாருங்கள். சாப்பாடு சங்கத்தில்.