பொருத்தமே பெரிது!

(தலைப்பு: கம்ப்யூட்டருக்குக் கூலர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திறனா? பொருத்தமா? ‘பொருத்தமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

     

எனக்கு முன்னால் பேசிய தம்பி மூச்சு விடாமல் முழங்கினார். “கூலர்னா பெரிசா இருக்கணும், காத்து புயலா அடிக்கணும், விலை எவ்வளவு ஆனாலும் வாங்கிடணும்” என்றார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. (சிரிப்பு) ஆனவங்க யாரும் பொருத்தம் முக்கியமில்லைன்னு சொல்லவே மாட்டாங்க ஐயா! (கைதட்டல்)

நடுவர்: அப்போ பத்துப் பொருத்தமும் பார்க்கணுங்கிறீங்களா அம்மா?

பத்து வேண்டாம் ஐயா, நாலு போதும். ஆனா அந்த நாலும் இருக்கணும்.

முதல்ல, இந்தக் கூலர் என்னதான் செய்யுது? நம்ம வீட்டுல காபி ஆத்துறோமே, அதே வேலைதான். டம்ளர்லயே வச்சா காபி ஆற நேரமாகும். டபராவில் ஊத்தினா பரப்பு விரியுது, காத்து படுது, சீக்கிரம் ஆறுது. பிராசஸர்னு தபால் தலை அளவுக்கு ஒரு சில்லு. அதுல பிறக்கிற சூட்டைச் செம்புக் குழாய் வழியா எடுத்து, அலுமினியத் தகடுகள்ல பரப்பி, காத்தாடி வச்சு ஆத்துறதுதான் கூலர். ஆக, கூலர் குளிரை உண்டாக்கலை. சூட்டை இடம் மாத்துது, அவ்வளவுதான். நீங்க வாங்கற கூலர் தங்கத்துலயே செஞ்சிருந்தாலும் சரி, வெறும் காத்தை வச்சு ஆத்துறதால அறையில் இருக்கிற சூட்டுக்குக் கீழே ஒரு டிகிரி கூட இறக்க முடியாது.

ஒரு கணக்குச் சொல்றேன். ஏ.சி. போட்ட அறையிலே 22 டிகிரி. அங்கே ஒரு கூலர் பிராசஸரை 70 டிகிரியில் நிறுத்துதுன்னு வச்சுக்குங்க. அறையை விட 48 டிகிரி அதிகம். அதே கூலரைச் சித்திரை மாசம் வேலூருக்குக் கொண்டு போங்க. அறையே 38 டிகிரி. 38-ம் 48-ம் கூட்டுங்க, 86! கூலரோட திறன் குறையலை ஐயா. ஊர் மாறிப் போச்சு. அட்டைப்பெட்டி மேலே போட்டிருக்கிற கணக்கு உங்க வீட்டுக் கூரையைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. அதனாலதான் சொல்றோம், பொருத்தம் பாருங்க!

முதல் பொருத்தம், பிராசஸருக்கும் கூலருக்கும். எல்லாப் பிராசஸரும் ஒண்ணில்லை. இன்டெல்லோட ஐ3-12100 முழு மூச்சா ஓடினாலும் 89 வாட்தான். அதே கம்பெனியோட ஐ9-13900கே 253 வாட் வரைக்கும் போகும். சாதுவான முதல் ஆளுக்கு டப்பாவுக்குள்ளேயே ஒரு கூலர் வச்சுக் கொடுக்கிறாங்க. இரண்டாவது ஆளுக்குத் தனியாத்தான் வாங்கணும். வீட்டுக் கணக்கும் பையன் பாடமும் பார்க்கிற முதல் ஆளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் கொடுத்து ராட்சசக் கூலர் வாங்கறது, கொசுவை அடிக்கக் கோடரி வாங்கற கதை. இரண்டாவது ஆளுக்குச் சின்னக் கூலர் போட்டாலோ, யானைப் பசிக்குச் சோளப்பொரி!

இரண்டாவது பொருத்தம், உடம்புக்கும் சட்டைக்கும். 2021-ல் இன்டெல் தன்னோட சாக்கெட்டை மாத்திச்சு. கூலரைப் பூட்டுற துளைகளுக்கு நடுவே முன்னாடி 75 மில்லிமீட்டர் இடைவெளி. புதுசுல 78. வித்தியாசம் மூணே மூணு மில்லிமீட்டர். அதுக்கேத்த புதுப் பூட்டு இல்லேன்னா, நேத்து வரைக்கும் கில்லாடியா இருந்த கூலர் இன்னைக்கு அலமாரிப் பொம்மை. உயரத்துக்கு வாங்க. ஆஸ்திரியா நாட்டு நாக்டுவா கம்பெனி 2014-ல் கொண்டுவந்த என்எச்-டி15 நல்ல பேர் எடுத்த கூலர். திறனைப் பத்திக் குறையே சொல்ல முடியாது. உயரம் 165 மில்லிமீட்டர். உங்க கேபினட் 155-க்குத்தான் இடம் விட்டிருந்தா என்ன பண்ணுவீங்க? திறன் இருக்கு, கதவு மூடலை!

எதிரணித் தலைவர் அண்ணன் 2001-ஆம் வருஷக் கதையை எடுத்துவிட்டார். டாம்ஸ் ஹார்டுவேர் சோதனைக் கூடத்தில், ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர்களில் கூலரைக் கழட்டிக் காட்டினாங்க, அத்லான் பிராசஸர் புகைஞ்சு போச்சு, அதனால திறனே முக்கியம்னார். அண்ணே, பாதிக் கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டீங்களே! (சிரிப்பு) அதே சோதனையில் பென்டியம் 4 புகையலை. சூடு ஏறினதும் தானா வேகத்தைக் குறைச்சு உயிரைக் காப்பாத்திக்கிச்சு. இன்னைக்கு வர்ற பிராசஸர் எல்லாம் அந்தப் பாடத்தைப் படிச்சதுங்கதான். சூடு எல்லையைத் தொட்டா வேகத்தைக் குறைக்கும்.

ஆபத்து அங்கேதான் இருக்கு ஐயா! முன்னாடி தப்பான கூலர் போட்டா புகை வந்து காட்டிக் கொடுத்துச்சு. இப்போ புகை வராது, சத்தம் போடாது. நாற்பதாயிரம் கொடுத்து வாங்கின மெஷின் இருபதாயிரம் ரூபாய் மெஷின் மாதிரி வேலை செய்யும். நமக்குத் தெரியவே தெரியாது!

எங்க தெருவிலே இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். மகள் கட்டடக்கலை படிக்கிறா. படம் வரைய கம்ப்யூட்டர் வேணும். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தார். சாதாரணப் பிராசஸர்தான். அதோட வந்த கூலரே போதும். கடையிலே “இது ஆகாது பெரியவரே, பெரிசா போடுங்க”ன்னு வண்ண விளக்கு எரியற கூலர் ஒண்ணைத் தலையிலே கட்டிட்டாங்க. கேபினட் கதவு மூடலை. “திறந்தே இருக்கட்டும், காத்து நல்லா வரும்”னு சொல்லிட்டாங்க. அந்த வீட்டிலே கம்ப்யூட்டர் இருக்கிற இடம் எது தெரியுமா? கரிப்பெட்டிக்குப் பக்கத்திலே!

மூணே மாசம். சாம்பல் தூசி தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிஞ்சு போச்சு. ஒரு மணி நேரத்திலே முடியற படம் இரண்டு மணி நேரம் ஆச்சு. பொண்ணு விடிய விடிய உட்கார்ந்திருக்கா. படம் கொடுக்கிற தேதி தவறுது. காலேஜ்ல திட்டு. வீட்டிலே அப்பா என்ன நினைக்கிறார்? “கடன்பட்டு வாங்கிக் கொடுத்தோம், இவ படிக்காம வேற என்னமோ பார்த்துக்கிட்டிருக்கா போல”ன்னு மனசுக்குள்ளே புழுங்கறார். ஒரு கூலர் பொருந்தாததாலே பெத்த மகள் மேலே சந்தேகம் வந்துச்சு ஐயா! (அரங்கில் அமைதி)

கடைசியிலே பாலிடெக்னிக் படிச்ச பக்கத்து வீட்டுப் பையன் பார்த்தான். தூசியைத் துடைச்சான். பெட்டியோட வந்த பழைய கூலரையே, புதுப் பேஸ்ட் வச்சு மாட்டினான். கதவை மூடினான். கேபினட்டைக் கரிப்பெட்டிக்கு எட்டாத மூலைக்கு மாத்தினான். மெஷின் பழையபடி ஓடுது. ஆனா அந்த விளக்குக் கூலருக்குக் கொடுத்த காசு அந்தப் பொண்ணோட பரீட்சைக் கட்டணம் ஐயா. அது திரும்பி வருமா? (கைதட்டல்)

இதுதான் மூணாவது பொருத்தம், இடத்துக்கும் கூலருக்கும். அடுப்படியிலே ஜன்னல் இல்லாம எத்தனை ஃபேன் போட்டாலும் அதே புகைதான் சுத்திச் சுத்தி வரும். கேபினட்டும் அப்படித்தான். முன்பக்கம் காத்து உள்ளே வரணும், பின்பக்கம் வெளியே போகணும். சிலர் கம்ப்யூட்டரை மேஜை அலமாரிக்குள்ளே வச்சு, கதவையும் சாத்தி, தூசி படாம இருக்க துணியும் போர்த்தி வைக்கிறாங்க. குழந்தைக்குக் குளிருமோன்னு பயம் போல! (சிரிப்பு) அங்கே எந்தக் கூலர் என்ன செய்யும்?

“தண்ணீர்க் கூலர் வாங்கிட்டா பிரச்சினையே இல்லை”ன்னார் தம்பி. தண்ணீர் சூட்டைச் சுமந்துக்கிட்டு எங்கே போகுது? ரேடியேட்டருக்கு. அங்கே யார் ஆத்துறது? மறுபடியும் காத்தாடி! ஊரெல்லாம் சுத்தினாலும் கடைசியிலே காத்துகிட்டத்தான் வந்து நிக்கணும். பெரிய பிராசஸருக்கு அது நல்ல துணை, மறுக்கலை. ஆனா பம்புன்னு இன்னொரு உறுப்பு சேருது. அது நின்னா எல்லாம் நின்னுது. சாதாரண கூலர்ல காத்தாடி போனா, வேற காத்தாடி மாட்டிக்கலாம்.

நாலாவது பொருத்தம், காதுக்கும் கூலருக்கும். எங்க வீட்டுக்காரர் என் பேச்சைப் பொறுத்துக்குவார், ராத்திரி பதினோரு மணிக்குக் கூலர் போடற சத்தத்தைப் பொறுக்க மாட்டார். (சிரிப்பு) இதுலயும் கணக்கு இருக்கு. காத்தாடியோட வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினா காத்து இரண்டு மடங்குதான் வரும், அதுக்கு இழுக்கிற சக்தி எட்டு மடங்கு, சத்தமும் ஏறும். அதனால சின்னக் காத்தாடி அலறுறதை விட, 120 மில்லிமீட்டர் காத்தாடி நிதானமா சுத்தறது மேல். ஒரே அறையிலே தாத்தா தூங்கறார், பேத்தி படிக்கிறா. அந்த வீட்டுக்கு அமைதியும் ஒரு தேவைதானே?

நடுவர் ஐயா மணியைத் தொடறது தெரியுது. முடிச்சுடறேன்.

நாங்க திறன் வேண்டாம்னு சொல்லலை. பொருத்தம் பார்க்கும்போதே வேண்டிய திறன் அதுக்குள்ளே வந்துடும். ஆனா திறனை மட்டும் பார்த்தா, பொருத்தம் தானா வராது. ஆகவே ரிச்சி தெருவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டு எடுங்க. பிராசஸர் பேர் என்ன, எத்தனை வாட்? சாக்கெட் எது? கேபினட்டுக்குள்ளே எத்தனை மில்லிமீட்டர் உயரம்? அறை எவ்வளவு சூடு, எவ்வளவு தூசி? இந்த நாலுக்கும் பதில் எழுதின பிறகு விலையைக் கேளுங்க. அப்புறம் கடைக்காரர் உங்களுக்கு விற்க முடியாது, நீங்கதான் வாங்குவீங்க! (கைதட்டல்)

வலியைப் பார்த்து மட்டும் வேலையில் இறங்காதே, காலமும் இடமும் அறிந்து இறங்குன்னு வள்ளுவப் பெருந்தகை தனித்தனி அதிகாரமே வச்சுச் சொல்லியிருக்கார். அந்த வழியிலே நின்று, கூலர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருத்தமே, பொருத்தமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)