தேதி உள்ள திருவிழா: கோர்ஃபூத் தீவை முன்வைத்து

  

திருவிழா தொன்மையானது, விடுமுறை அரசாங்கம் இட்டது; முன்னதை நாட்டார் வழக்காற்றியலும் பின்னதை வரலாறும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாகப்பிரிவினை செய்துகொண்ட நண்பர்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கிரேக்கத் தீவு என்றாலே அவர்கள் மதுத் தெய்வம் டயோனிசஸிடம் போய் நிற்பார்கள். விழாவும் விடுமுறையும் ஒரே பட்டறையில் செய்யப்பட்டவை என்பது என் கட்சி. அதற்குக் கோர்ஃபூ ஒன்றே போதும்.

அத்தீவின் காவலர் புனித ஸ்பிரிடன். கான்ஸ்டான்டினோபிள் 1453இல் வீழ்ந்தபின் அவருடைய உடல் கோர்ஃபூவுக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 12 அவருடைய திருநாள். அதைத் தவிர ஆண்டுக்கு நான்கு முறை அவர் நகரத் தெருக்களில் பவனி வருகிறார். குருத்து ஞாயிறு, 1629-30இன் கொள்ளைநோய் நீங்கியதற்கு. புனித சனி, பஞ்சம் தீர்ந்ததற்கு. ஆகஸ்டு 11, 1716இல் ஒட்டோமான் முற்றுகை விலகியதற்கு. நவம்பர் முதல் ஞாயிறு, 1673இன் கொள்ளைநோய் போனதற்கு. இவற்றில் எதற்கு டயோனிசஸ் வேண்டும்? ஆகஸ்டு பவனியை ஏற்படுத்தியதோ அப்போது தீவை ஆண்ட கத்தோலிக்க வெனிஸ் அரசு. நன்றி பெற்றவர் ஆர்த்தடாக்ஸ் புனிதர். தொன்மத்தால் இதை விளக்க முடியாது. கோட்டையைக் காத்த ஆட்சியாளரின் கணக்கு தெரிந்தால் விளங்கிவிடும்.

புனித சனியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கிறிஸ்துவின் அடக்கப் பவனி மற்ற ஊர்களில் பெரிய வெள்ளி இரவோடு முடிந்துவிடும். ஸ்பிரிடன் கோயிலில் மட்டும் அது சனிக்கிழமை காலையில், புனிதரின் உடலோடு சேர்ந்து புறப்படுகிறது. வெள்ளிக்கிழமைப் பவனிக்கு 1574இல் வெனிஸ் தடை விதித்ததால் வந்த வழக்கம் இது என்பது தீவின் மரபுச் செய்தி. தடை போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. முன்னே வாசித்துச் செல்லும் இசைக்குழுவுக்கும் ஒரு வழக்கு உண்டு. பின்னர் வந்த பிரிட்டிஷ் ஆட்சி தன் ராணுவ வாத்தியக்குழுவை ஆர்த்தடாக்ஸ் பவனிகளிலிருந்து விலக்கிக்கொள்ள, ஊரார் 1840இல் தங்களுக்கென்று ஃபிலார்மோனிக் சங்கம் கண்டார்கள். இன்று பழைய சங்கத்தாருக்குச் சிவப்புச் சீருடை, 1890இல் தோன்றிய மான்சாரோஸ் சங்கத்தாருக்கு நீலம். கோர்ஃபூக்காரர் சீருடையின் நிறத்தைக் கண்டே எந்தச் சங்கம் என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை காலை பழைய சங்கம் வாசிப்பது இத்தாலியர் ஃபாச்சோவின் 'ஹாம்லெட்' ஓபராவிலுள்ள சாவு அணிநடை.

மணி பதினொன்று. முதல் உயிர்ப்பு வழிபாடு முடிந்து கோயில் மணிகள் முழங்க, கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி, தண்ணீர் நிரப்பிய பானைகள் மேல்மாடங்களிலிருந்து தெருவில் விழுந்து சிதறுகின்றன. கூட்டம் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி ராசிக்காக வீட்டுக்கு எடுத்துப் போகிறது. என் நண்பர்கள் குதூகலிக்கும் இடம் இதுதான்: வசந்தச் சடங்கு, வசந்தத் தெய்வம் பெர்சிஃபோனி! புத்தாண்டில் பழையதை வீசியெறியும் வெனிஸ் வழக்கம் என்று சொல்வாரும் உண்டு. எது உண்மையானாலும், பானை விழும் நேரத்தை வைத்தது தேவாலயம். பானைக்கு முன் போன பவனியை வைத்தது பஞ்சமும் வெனிஸும். பானையின் வயதைத் தேடி அலைகிறவர் இதையும் சொல்ல வேண்டுமல்லவா?

விடுமுறைக்கும் இதே கதைதான். கோர்ஃபூ உள்ளிட்ட அயோனியத் தீவுகள் 1864இல் கிரேக்கத்தோடு இணைந்த மே 21 அங்கே கொண்டாட்ட நாள். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள், கிரேக்க விடுதலை நாளும் அதுவே. எது விழா, எது விடுமுறை?

டினோஸ் தீவைப் பற்றித் தனியே பேச நினைத்திருந்தேன். அங்கே மரியன்னையின் திருவுருவம் கிடைத்தது 1823இல், விடுதலைப்போர் நடக்கும்போதே. 1940 ஆகஸ்டு 15இல், அன்னையின் திருநாளன்றே, அங்குள்ள துறைமுகத்தில் கிரேக்கத்தின் 'எல்லி' போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இவை இரண்டும் ஒரே நாளின் நினைவில் எப்படிச் சேர்ந்தன என்பது தனி ஆய்வு.

கியோஸ் தீவின் வ்ரொண்டாடோஸில் இரண்டு தேவாலயத்தார் ஈஸ்டர் இரவில் ஒருவர்மீது ஒருவர் வாணம் விடுவது, சீரோஸில் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸாரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாடுவது, ஸ்கீரோஸின் ஆட்டுமணி வேடங்கள்: மாணவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் முதலில் ஆட்சி மாறிய ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெய்வத்திடம் வரலாம். மறுப்பு உள்ளவர்கள் எழுதித் தந்தால் பதில் எழுதுகிறேன்.