எங்கே உட்காருவது?

(திருவதிகையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடைத்தெருவுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பொது பெஞ்சு கேட்டு மனு கொடுக்கப்போகிறோம். எந்த மாதிரி பெஞ்சு என்று பேசச் சொன்னீர்கள். நிலம், கூலி, வன்கொடுமை வழக்குன்னு இவ்வளவு கிடக்கும்போது பெஞ்சும் ஒரு பிரச்சினையான்னு வாசலில் ஒருத்தர் சிரித்தார். உட்காருவதைவிடப் பெரிய விஷயம் சாதிக்கு இருந்திருக்கிறதா என்ன? அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மேல் உட்கார்ந்தார். டீக்கடையில் இரட்டைக் குவளை பற்றி நிறைய எழுதிவிட்டோம். குவளைக்குப் பக்கத்திலேயே பெஞ்சும் இருந்தது: அவனுக்குப் பலகை, நமக்குத் தரை. தென்னாப்பிரிக்காவில் 1953இல் சட்டம் போட்டே வெள்ளையருக்குத் தனி பெஞ்சு வைத்தான். 1990இல்தான் அந்தச் சட்டம் போனது. இங்கே சட்டம் தேவைப்படவில்லை. நம்ம கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், தலித் பெண், தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. தலைவர் பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி அளந்து போட்ட அகலமான ரோடு என்றால் எதையும் எங்கேயும் போடலாம். இங்கே அப்படியில்லை. நடைபாதையில் ஆள் நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாமல் விடணும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. பெஞ்சு அகலம் 45 சென்டிமீட்டர், நீட்டும் காலுக்கு இன்னும் ஐம்பது. ஆக ஒரு மீட்டர் போய்விடும். அதனால் பெஞ்சை நடுவில் போடாமல் சுவரை ஒட்டி, மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் இடையில் சும்மா கிடக்கிற துண்டில் போடணும். அதுவும் முடியாத இடத்தில் முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு சாய்மானக் கட்டை போதும். ஆனால் அது பெஞ்சுக்குப் பதில் ஆகாது. சித்தாள் வேலை முடித்து வருகிற அம்மாவுக்குச் சாய்ந்தால் தீராது, உட்காரணும்.

நம்ம ஊர்ச் சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக நட்டது. இரண்டு கல், மேலே ஒரு கல், அவ்வளவுதான். அடுத்தவன் கை கொடுக்காமலே தலைச்சுமையை இறக்கி வைக்கலாம். இடம் அடைக்காத பொதுப்பொருள் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பெஞ்சு பக்கத்தில் கூடை இறக்க அப்படி ஒரு மேடை வேணும். முந்திரி, பலாப்பழம் சுமக்கிற ஊர் இது.

இப்ப முக்கியமான சங்கதி. பஸ் நிலையங்களில் கைப்பிடி வைத்துத் தனித்தனியாகப் பிரித்த இரும்பு நாற்காலி போடுகிறார்கள். அழகாத்தான் இருக்கு. படுக்க முடியாது, அதுக்குத்தான் அந்தக் கைப்பிடி. லண்டனில் கேம்டன் நகராட்சி 2012இல், யாரும் தூங்கக்கூடாதென்றே சரிவாக வார்த்த கான்கிரீட் பெஞ்சு போட்டது. வீடில்லாதவனை விரட்ட போலீஸ்கூட வேணாம். நம்ம ஊரில் அந்தக் கைப்பிடிக்கு இன்னொரு வசதியும் உண்டு, தோள் உரசாது. எனக்கு நீள பெஞ்சுதான் வேணும். நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரட்டும். ஆனால் கிழவிகள் ஊன்றி எழக் கைப்பிடி வேணுமே என்று இங்கே ஒரு தோழி சொன்னார், சரிதான். இரண்டு கோடியிலும் வைப்போம், நடுவில் வேண்டாம். முதுகுச் சாய்மானம் கட்டாயம். முதியோர் பென்ஷனுக்காக வங்கிப் படிக்கட்டில் காத்திருக்கிற முதுகுகளைத் தினமும் கவுன்டருக்குள்ளிருந்து பார்க்கிறவன் நான்.

கடப்பாக் கல் மலிவு, உடையாது. ஆனால் சித்திரை வெயிலில் அடுப்பு. நிழலில்லாத இடத்தில் வேண்டாம். அப்புறம், முதுகில் 'உபயம்' எழுத விடாதீர்கள். பேருக்குப் பின்னால் சாதியும் வந்து உட்காரும், பிறகு யார் எழுந்திருக்கணும் என்று உங்களுக்கே தெரியும். நகராட்சிப் பணத்தில் போடச் சொல்லுங்கள்.

காலனிக்குள் ஒன்று, ஊருக்குள் ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வருவார்கள். வாங்கக்கூடாது. இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிற அதே இடத்தில் போடணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவை அளக்கப் போகலாம், டேப்பு நான் கொண்டுவருகிறேன்.