ஒரு சொல், பல பொருள்

‘பொசிட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாம் இந்தப் பாடசாலையில் பல தடவை சந்தித்தோம். கணித வகுப்பில் அது பூச்சியத்திலும் பெரிய நேர் எண். பௌதிக வகுப்பில் நேரேற்றம். ஆங்கில வகுப்பில் ‘நிச்சயம்’. காலைக் கூட்டத்தில் ‘நம்பிக்கையான மனம்’.

வைத்தியர்களான பின் நாங்கள் பழகிய பொருள் வேறு: ‘தேடியது இருக்கிறது’. இரத்த வகையில் அது றீசஸ் காரணி உண்டு என்பது மட்டுமே. பிள்ளைக்காகக் காத்திருப்பவளுக்கு அது மகிழ்ச்சி. டெங்குப் பரிசோதனையிலோ கவலை.

ஒருநாள் மகனின் டெங்குப் பரிசோதனை ‘பொசிட்டிவ்’ என்றோம். “அப்ப பயமில்லைத்தானே, டொக்டர்?” என்று அந்தத் தாய் நிம்மதியாக எழும்பினார். பிழை எங்களுடையது. அவரை மீண்டும் இருத்திச் சொன்னோம்: “அம்மா, பிள்ளையின்ரை இரத்தத்திலை டெங்குக் கிருமி இருக்கு. காய்ச்சல் விடுற நேரந்தான் கூடக் கவனம் வேணும். வயிற்றுநோ, வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு கண்டால் உடனே கொண்டு வாங்கோ.”

அன்றிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லோடு நாங்கள் நிறுத்துவதில்லை. இருக்கிறதா, இல்லையா, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தமிழில் சொல்கிறோம். விளங்கியதைத் திருப்பிச் சொல்லவும் கேட்கிறோம்.

சகோதரிகளே, அகராதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கலாம். கேட்பவர் எதை எடுத்துச் செல்கிறார் என்பதே முக்கியம். இரு மொழியையும் நமக்குத் தந்த பாடசாலைக்கு அந்தக் கவனமே நமது நன்றிக்கடன்.